பயறு போட்ட பாட்டில்

ஜூன் 12, புதன்

நான் கத்துகிறேனாம். பூங்கொடி சொல்கிறாள். "உங்க கோவத்த எம்மேலயும் தறி ஓட்டறவங்க மேலயும் கொட்டாதீங்க. இதுல எழுதித் தொலைங்க" என்று மளிகைக் கடையில் கொடுத்த டைரியை என் கையில் திணித்தாள். ஜனவரியிலிருந்து அதில் ஒரு எழுத்து கிடையாது. நாலு பக்கத்தில் அவள் புள்ளி வைத்துப் பார்த்த கோலங்கள் மட்டும் இருக்கின்றன.

சரி, எழுதித் தொலைக்கிறேன். முதல் விஷயம், நான் கத்துவதில்லை. குமாரபாளையத்தில் எட்டு விசைத்தறி வைத்திருக்கிறவன் காதில் விழும்படி பேசுவான், அவ்வளவுதான். பதினாலு வயதில் தறிக்குடோனுக்குள் நுழைந்தவன் நான். எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடோன். பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை லுங்கி நெசவு ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வீட்டில் கிசுகிசுத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஊரிலோ இப்போது எல்லோருக்கும் வாயைத் திறக்காமல் பேசுகிற வியாதி வந்திருக்கிறது. டீக்கடைக்காரன் முனகுகிறான், பேங்க்காரன் முனகுகிறான். போன் என்கிற சனியனில் பேசுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது விஷயம், இன்று ஒரு பெண் வந்தாள். எங்கள் மகள் தன்விகாவுக்கு இரண்டரை வயது ஆகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. தன்விகா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுப் பார்த்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கோயமுத்தூர் மச்சினன் போனில் தேடி வைத்த பெயர். நான் பாப்பு என்றுதான் கூப்பிடுகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பூங்கொடி அங்கன்வாடியில் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறாள். பேச்சு வராத, நடை வராத சின்னப் பிள்ளைகளின் வீட்டுக்கே ஆள் வந்து பயிற்சி கொடுக்கிற திட்டமாம். வந்தவள் பெயர் நஸ்ரின். பவானியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை பெறவில்லை, பிள்ளை வளர்க்கச் சொல்லித்தர வந்துவிட்டாள்.

தோளில் பெரிய பை. உள்ளே என்னமோ இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். பழைய தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பாசிப்பயறு, கலர் காகிதம் ஒட்டிய தீப்பெட்டிகள், துணிப்பொம்மை ஒன்று. எங்கள் வீட்டுக் குப்பையை எங்களுக்கே கொண்டுவந்து காட்டுகிறாள்.

பைக்குள் தலையை விட்டுக்கொண்டே ஏதோ கேட்டாள். மூன்றாம் தடவைதான் நிமிர்ந்து, வாயைத் திறந்து கேட்டாள்.

"ஏனுங்ணா, கூப்புட்டாப் பாப்பா திரும்புதுங்களா?"

"ஏன் திரும்பாது? வா அம்மணி, காட்டறேன்."

குடோனுக்குக் கூட்டிப்போனேன். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே வாய்க்கு வேலை இல்லை. நாங்கள் கையாலேயே பேசிக்கொள்வோம். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் திரும்பிப் பார். பாப்புவுக்கு நான் டீ என்று காட்டினேன். குடுகுடுவென்று ஓடிப்போய் அவள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, அதே மாதிரி காட்டினாள். இதைவிடப் புத்தி எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது? அவள் வயதில் எனக்கு மூக்குச் சிந்தத் தெரியாது.

வெளியே வந்ததும் நஸ்ரின் சொன்னாள், "கை காட்டாமக் கூப்புட்டுப் பாக்கோணுங்ணா. சத்தம் இல்லாத எடத்துல."

"சத்தம் இல்லாத எடம் வேணும்னா நீ இமயமலைக்குத்தான் போகோணும்" என்றேன். சிரித்தாள். ரோசம் கிடையாது.

ஜூன் 19, புதன்

மறுபடியும் வந்தாள். பூங்கொடியைத் தரையில் உட்காரவைத்துக் கைதட்டிப் பாடச் சொல்கிறாள். ஆறேழு வயதுப் பிள்ளைகள் செய்வதை முப்பது வயதுக்காரி செய்துகொண்டிருந்தாள். போகும்போது என்னிடம் வந்து, தான் வருகிற நேரத்துக்கு மட்டும் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டாள்.

இன்றைக்குத் தறியை நிறுத்தச் சொல்கிறாள். நாளைக்குக் காவிரியை நிறுத்தச் சொல்வாள்.

ஜூன் 23, ஞாயிறு

மச்சினன் போன் செய்தான். ஒரு எழவும் புரியவில்லை. நல்லது.

ஜூலை 4, வியாழன்

மாதாந்திர மின்தடை. தறி நின்றுவிட்டது. இதைக் காலண்டரில் குறித்து வைத்திருந்திருக்கிறாள் அந்தப் பெண். புதன்கிழமை வர வேண்டியவள் இன்று காலையிலேயே வந்து நிற்கிறாள். பாப்புவுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கப் போகிறாளாம்.

என் பிள்ளைக்குக் காதைப் பார்க்கிறாளாம். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்.

பூங்கொடி எதிரே உட்கார்ந்து பொம்மையைக் காட்டிப் பாப்புவுக்கு விளையாட்டுக் காட்ட வேண்டும். நஸ்ரின் பாப்புவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பயறு போட்ட பாட்டிலை ஆட்டுவாள். பிள்ளை திரும்பினால் கேட்கிறது என்று அர்த்தம். நான் பூங்கொடிக்குப் பின்னால் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தேன்.

நஸ்ரின் ஆட்டினாள். கையை ஆட்டினாளே தவிர சத்தம் ஒன்றும் வரவில்லை. பயறு நமுத்துப்போயிருக்கும், அல்லது மூடி சரியில்லை. சத்தமே வராத பாட்டிலை ஆட்டினால் எந்தப் பிள்ளை திரும்பும்? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இவள் பாட்டில் சரியில்லாததற்கு என் பிள்ளைக்குக் காது சரியில்லை என்று எழுதிவிட்டுப் போவாள். பாப்பு என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினேன். அவள் டக்கென்று திரும்பினாள்.

நஸ்ரின் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி ஆட்டினாள். நான் அவள் கையைப் பார்த்து என் கையைக் காட்டினேன். ஒரு தடவைகூடப் பாப்பு தவறவில்லை. பொம்மையை ஆட்டுகிற மும்முரத்தில் பூங்கொடி திரும்பியே பார்க்கவில்லை. நஸ்ரின் கண் பாப்புவின் தலையை விட்டு நகரவில்லை.

"நல்லாக் கேக்குதுக்கா. பேச்சு மட்டுந்தான் பாக்கி. பேசப் பேச வந்துரும்" என்று நஸ்ரின் சந்தோஷமாகச் சொன்னாள். பூங்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன். நான் சொன்னால் யாருக்குப் பிடிக்கிறது?

ஜூலை 17, புதன்

பேசப் பேச வருமாம். பூங்கொடி காலையிலிருந்து ராத்திரி வரை பேசுகிறாள். "இது தக்காளி. தக்காளி செவப்பு. அம்மா தக்காளி அரியறேன்." தக்காளிக்கே அலுத்துப்போயிருக்கும். பாப்பு அவள் வாயைப் பார்க்கிறாள், கத்தியைப் பார்க்கிறாள், பிறகு குடோனுக்கு வந்து என் மடியில் ஏறிக்கொள்கிறாள். பிள்ளைக்குத் தெரியும் எங்கே நிம்மதி என்று.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. பவானி கூடுதுறைக்குப் போனோம். காவிரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. ஜனம் அதற்கு மேல். பொரி வாங்கலாம் என்று நான் ஒரு கடை முன்னால் நின்றேன். திரும்பிப் பார்த்தால் படிக்கட்டில் ஒரே கூட்டம், நடுவில் பூங்கொடி பாப்புவை இறுக்கிக் கட்டிக்கொண்டு தலைவிரிகோலமாக உட்கார்ந்திருக்கிறாள்.

கையை விட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கிறாள் பாப்பு. இவள் பின்னாலிருந்து பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். பிள்ளை நின்றுகூடப் பார்க்காமல் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனதாம். தண்ணீர் இடுப்புக்கு வந்த பிறகு மொட்டை போட்ட ஒரு ஆள் தூக்கியிருக்கிறார். என் ரத்தம், சொன்ன பேச்சைக் கேட்காத பிடிவாதம்.

"உங்களையுந்தானுங்க கூப்புட்டேன். ரெண்டு பேரையுந்தான் கூப்புட்டேன்" என்றாள் பூங்கொடி, என் முகத்துக்கு நேராக.

அந்தக் கூட்டத்தில் யாருக்குக் கேட்கும்? கூப்பிடுகிறவள் பக்கத்தில் வந்து கூப்பிட வேண்டும். வீடு வந்து சேருகிறவரை பிள்ளையை என்னிடம் தரவில்லை.

செப்டம்பர் 11, புதன்

அங்கன்வாடியில் பெற்றோர் கூட்டம். அப்பாக்கள் கட்டாயம் வர வேண்டும் என்று நஸ்ரின் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். வந்த அப்பா நான் ஒருத்தன்தான். சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள், மடியில் பிள்ளைகள். சுவரில் மாம்பழமும் யானையும் ஒரே அளவில் வரைந்த சார்ட்.

ஒவ்வொருத்தரும் தங்கள் பிள்ளை புதிதாகக் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டுமாம். ஒரு பெண் எழுந்து தன் பையனைக் காட்டினாள். ஒன்றரை வயது. குப்புறப் படுக்கவைத்தால் இப்போது தலையைத் தூக்குகிறானாம். எல்லோரும் கைதட்டினார்கள். தலையைத் தூக்கியதற்குக் கைதட்டல். மாடு நின்றதற்கும் தட்டுவார்கள் போலிருக்கிறது. அந்தப் பெண் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்ததால் நானும் தட்டினேன்.

என் முறை வந்தது. "என்ற மகளுக்கு இழை அறுந்தாத் தெரியும்" என்றேன். யாரும் தட்டவில்லை. படிப்பறிவு இல்லாத கூட்டம்.

அக்டோபர் 31, வியாழன்

தீவாளி நோம்பி. தறி ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்காரன் காசு கொழுத்தவன், விடியக்காலையில் எங்கள் வாசலுக்கு நேராகச் சரவெடியைக் கொளுத்தினான். புகையில் தெருவே தெரியவில்லை. பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டதாம், அந்த வீட்டுக் கைப்பிள்ளைக்கு வாந்தியே வந்துவிட்டதாம். எங்கள் பாப்பு ஜன்னலோரம் படுத்தவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள்.

தைரியசாலி. பூங்கொடியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

தறி இன்னும் ஓடவில்லை. ஆட்கள் நாளைதான் வருகிறார்கள். வேலையில்லாததால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தாகமெடுத்துச் சமையலறைக்குப் போனால் தரை முழுக்கத் தட்டுகள். சோற்றுத் தட்டு, வடிதட்டு, தாம்பாளம், எங்கள் கல்யாணத்துக்கு வந்த பித்தளைச் சொம்பு. நடுவில் பாப்பு சுவரைப் பார்த்து உட்கார்ந்து தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் பூங்கொடி நின்றுகொண்டிருக்கிறாள், கையில் கடைசித் தட்டு.

"கிறுக்குப் புடிச்சிருச்சா புள்ள? எப்ப இதெல்லாம் போட்ட?"

"இப்பத்தானுங்க. ஒவ்வொண்ணா. தலைக்கு மேல தூக்கிப் போட்டேன்."

"நான் பக்கத்து ரூம்லதான இருந்தேன்?"

அவள் பாப்புவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தட்டுகளைப் பொறுக்கி வைக்கக்கூட இல்லை, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 6, புதன்

நஸ்ரின் வந்தாள். சிரிப்பில்லை. குடோனில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி அங்கன்வாடிக்குப் போனார்கள். நானும் போனேன். கதவருகில் என்னை நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, நீங்க வெளிய இருங்க."

என்னை. வெளியே. பிச்சைக்காரன் மாதிரி முருங்கை மரத்தடியில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் மட்டும் வந்தாள். கண் சிவந்திருந்தது. எதிரே நின்று, முகத்தைத் தூக்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். பாப்பா திரும்பவே இல்லை. ஈரோட்டில் கருவி வைத்துப் பார்க்கிற இடத்துக்குப் போக வேண்டும். முதலிலேயே அனுப்பியிருக்க வேண்டும், தான் பார்த்ததே போதும் என்று நினைத்தது தப்பு. மூளை பேச்சைப் பிடித்துக்கொள்கிற வயது இது, வீணாய்ப் போகிற ஒவ்வொரு மாதமும் திரும்ப வராது.

அப்புறம் கேட்டாள், "அன்னைக்கிக் கரண்ட் இல்லாதப்ப நீங்க எங்கண்ணா நின்னீங்க?"

"கேக்கல. சத்தமாச் சொல்லு" என்றேன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த வருஷம் முழுக்க அவள் பேசியதில் எனக்கு நன்றாக விளங்கியது அந்த ஒரு கேள்விதான்.

நவம்பர் 12, செவ்வாய்

ஈரோடு. காது பரிசோதிக்கிற அம்மாள் ஐம்பது வயதுக்காரர். வாயைத் திறந்து பேசுகிறார், அதுவரைக்கும் பரவாயில்லை. ஒரு சின்னப் பெட்டி அறை. சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தினால் குளிர்பதனப் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பாப்புவை மடியில் வைத்துக்கொண்டு நான் நடுவில் உட்கார வேண்டும். மூலை நாற்காலியில் பூங்கொடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள்.

"ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் இருக்கு. சின்னச் சத்தத்துல ஆரம்பிச்சுப் பெருசாப் போகும். என்ன சத்தம் கேட்டாலும் நீங்க அசையக் கூடாது. உங்க உடம்பு அசைஞ்சா பாப்பா திரும்பிரும்" என்றார்.

இது எனக்கா தெரியாது? உட்கார்ந்தேன். காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் எதையோ திருகிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். மெஷின் பழுது போலிருக்கிறது. காசு வாங்காத இடமென்றால் இப்படித்தான். பாப்பு என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். மூலையில் பூங்கொடி அழ ஆரம்பித்துவிட்டாள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் ஒப்பாரி. பிறகு பார்த்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அப்புறம் எங்கேயோ தூரத்தில் உம்மென்று ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்தது, இரண்டு தடவை. பாப்புவும் லேசாகத் தலையைத் தூக்கினாள். சரி, இப்போதுதான் ஆரம்பிக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது.

"முடிஞ்சுதுங்க. இத்தன வருஷத்துல இப்படி ஆடாம அசையாம உக்காந்த அப்பாவை நான் பாத்ததில்ல. மத்தவங்கெல்லாம் பெரிய சத்தம் வந்தாத் துள்ளிருவாங்க" என்றார் அந்த அம்மாள்.

"எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பூங்கொடியைத் திரும்பிப் பார்த்தார். பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

பாப்புவுக்கு மிகப் பெரிய சத்தம் மட்டும்தான் கொஞ்சம் போகிறதாம். இரண்டு காதுக்கும் மெஷின். அதில் போதுமான அளவு கேட்காவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பிறகு யோசிக்கலாமாம். எல்லாவற்றையும் பூங்கொடியிடம்தான் சொன்னார். கடைசியில் என்னிடம், "நீங்களும் ஒரு நாள் வந்து பாத்துக்குங்க சார்" என்றார்.

எனக்கு என்ன கேடு? இருபத்தைந்து வருஷமாகத் தறி ஓட்டுகிறேன். என் காது எனக்குத் தெரியும்.

நவம்பர் 13, புதன்

பூங்கொடி என்னோடு பேசவில்லை. பேசினாளா இல்லையா என்பதும் சரியாகத் தெரியவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

மெஷின் வந்துவிட்டது. காதுக்குள் பொருந்துகிற ரப்பர் அச்சு, காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிற சின்னக் கருவி. வேர்க்கடலை அளவு இருக்கிற இதற்கு இத்தனை அலங்காரம். ஈரோட்டிலேயே மாட்டிவிட்டார்கள். பூங்கொடி கூப்பிட்டதும் பாப்பு கண்ணை அகல விரித்து, அவள் வாயைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தேடுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் நான் வழக்கம்போல் குடோனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாசப்படி தாண்டவில்லை. உடம்பெல்லாம் விறைத்து, என் கழுத்தைப் பிராண்டி, அழுது அழுது முகம் நீலம் பாரித்துவிட்டது. தினமும் என் மடியில் உட்கார்ந்து லுங்கி ஓடுவதைப் பார்த்த பிள்ளை அது. பூங்கொடி பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். "ஒண்ணுமில்ல பாப்பு, அப்பா இருக்கேன்" என்று நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன். பிள்ளை மெஷினைப் பிய்த்து எறிந்துவிட்டது.

ஈரோட்டிலிருந்து எங்களோடு வந்திருந்த நஸ்ரின் நடுவில் வந்து நின்றாள். "அண்ணா, மெதுவாப் பேசுங்க. நீங்க கத்தறீங்க, அது பயப்படுது."

மெதுவாகத்தான் பேசினேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

பூங்கொடி நாலு தெரு தள்ளி ஒரு ரூம் பார்த்துவிட்டாள். தறிச் சத்தம் எட்டாத இடம். "பாப்பாவுக்குப் பேச்சு வர்ற வரைக்கும் நாங்க அங்க இருக்கறோமுங்க. நீங்க வேணும்னா சாப்பாட்டுக்கு வாங்க" என்றாள். என் வீட்டில் இருந்துகொண்டு எனக்கே விருந்தாளி மரியாதை. யோசனை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு பை நிறையக் குப்பையோடு வந்தவள் என் குடும்பத்தை இரண்டாக வகுந்துவிட்டுப் போய்விட்டாள்.

போ என்றேன். கட்டிலை நானே வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். குடோனில் இருக்கிற விசிறியையும் கழற்றிக் கொடுத்தேன், அந்த ரூமில் காற்று வராது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அந்த ரூமுக்குப் போனேன். பாப்பு ஓடிவந்து கால்களைக் கட்டிக்கொண்டாள். கையால் காட்டினாள், கரும்பு வேண்டும் என்று. உடைத்து நீட்டினேன். "கொடுக்காதீங்க. வாயில கேக்கட்டும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, கேக்கறா" என்றாள் பூங்கொடி. கரும்பை வாங்கி உயரத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நாய்க்கு வித்தை பழக்குவதைப் போல.

பாப்பு என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்து என்னமோ செய்தாள். பூங்கொடி துள்ளிக் குதித்து அவளைத் தூக்கிச் சுற்றினாள். தம்ளரோடு நின்ற பக்கத்து ரூம்காரிகூடச் சிரித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன்.

என்ன சொன்னாள் என்று யாரையும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பொங்கலில் நெய் போதாது.

ஜனவரி 29, புதன்

சாப்பிடப் போனபோது நஸ்ரின் இருந்தாள். மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாப்பு எனக்கு முதுகைக் காட்டியபடி அவர்களிடம் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பதில் சொல்கிறார்கள், அவள் சிரிக்கிறாள். கை மடியிலேயே கிடக்கிறது. என்னைப் பார்த்ததும்தான் கையைத் தூக்கினாள், டீ என்று காட்டினாள். ஊமைக்குக் காட்டுகிற மாதிரி எனக்குக் காட்டுகிறாள்.

குழம்பு கெட்டுப்போய்விட்டது என்று பூங்கொடியிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தறி லீவு. மதியம் சாப்பிட்டுவிட்டு ரூம் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பூங்கொடி உள்ளே சமையல் மேடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பேப்பரில் உருப்படியாக ஒன்றுமில்லை.

என் சட்டையை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். திரும்பினால் பாப்பு. முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நிற்கிறது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னை முறைத்தாள். என்ன என்று கையால் கேட்டேன். கை காட்டவில்லை. நாற்காலியின் குறுக்குக் கட்டையில் ஏறி நின்றாள். என் காதைப் பிடித்து மடக்கி, உள்ளே பார்த்தாள். அப்புறம் தன் காதிலிருந்த மெஷினை உருவி, அந்த அச்சை என் காதுக்குள் வைத்துத் திணித்தாள்.

அது என் காதுக்கு எங்கே பொருந்தும்? சுண்டுவிரல் நகம் அளவு இருக்கிறது. அவள் விடவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, தம் கட்டித் திணித்தாள்.

பூங்கொடி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "ஏனுங்க, மெஷின் கீக்கீன்னு கத்துது, உங்களுக்கு" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன கத்துது?" என்றேன்.

அவள் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தாள். "பாப்பா உங்களக் கூப்புட்டாளுங்க. அப்பான்னு. உங்க முதுகுக்குப் பின்னால நின்னு எத்தன தடவ கூப்புட்டா தெரியுமா? நான் எண்ணலைங்க. நீங்க திரும்புவீங்கன்னு உள்ளயிருந்து பாத்துட்டே நின்னேன்."

"எனக்குக் கேக்கல" என்றேன்.

"தெரியுங்க" என்றாள்.

அந்த அச்சைத் தன் சேலையில் துடைத்துப் பிள்ளையின் காதில் திரும்ப மாட்டினாள். நான் பாப்புவைத் தூக்கி என் எதிரே நிறுத்திக்கொண்டேன். மெதுவாகப் பேச முயற்சி செய்தேன். மெதுவாக வந்ததா என்று தெரியவில்லை, ஆனால் அவள் பயப்படவில்லை.

"இன்னொருக்காக் கூப்புடு கண்ணு."

கூப்பிட்டாள். உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்ததை நான் பார்த்தேன். கழுத்தில் நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்தேன். எனக்கு எதுவும் வந்து சேரவில்லை.

நாளைக்குத் தறி ஓடாது. முதல் பஸ்ஸில் ஈரோட்டுக்குப் போகிறேன்.